கரிக்காத தண்ணீர்: படகின் மேல்தட்டு இற்றுப்போவதும் அதை மாற்றுவதும்

சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும் நேரம். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. நாகப்பட்டினம் பக்கம் ஆற்றங்கரையில் ஏற்றி நிறுத்தியிருந்த மர விசைப்படகு ஒன்றின் மேல்தட்டில் ஓடாவி ஒருவர், அதாவது படகுத் தச்சர், குந்தியிருந்தார். கையில் சிறு சுத்தியல், காதில் செருகிய பென்சில், பக்கத்தில் குத்தூசி. வீல்ஹவுஸ் சுவர் தட்டைத் தொடும் மூலையிலிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே வந்தார். கணீரென்று கேட்ட சத்தம் ஓரிடத்தில் பொத்தென்று அடங்கியது. மேலே பூசியிருந்த ஃபைபர் ஒரு கீறலும் இல்லாமல் பளபளவென்றுதான் இருந்தது. உளியை வைத்து உள்ளங்கை அகலத்துக்கு அதைப் பெயர்த்தார். அடியில் இருந்த மரம் கறுத்து, சின்னச் சின்னக் கட்டங்களாக வெடித்து, ஊறிய பிண்ணாக்கு மாதிரிக் கையோடு வந்தது. ஒரு பிடி அள்ளிப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் படகுக்காரரைக் கூப்பிட்டார்.

"இந்தா தம்பி, வெச்சுப் பாரு. கரிக்குதா?"

"இல்லையே மாமா. சப்புன்னு இருக்கு."

"அப்ப இது கடல் தண்ணி இல்ல. ஒம் படகுக்குள்ள மழை உக்காந்திருக்கு."

மேல்தட்டு இற்றுப்போனால் என்ன செய்வது என்பதற்குக் கரையில் ஆளுக்கொரு பதில் இருக்கிறது. இற்ற இடத்தை மட்டும் வெட்டி ஒட்டுப் போடு என்பார் ஒருவர். முழுசாகப் பிரித்துப் புதுப்பலகை அடி என்பார் இன்னொருவர். ப்ளைவுட் போட்டு ஃபைபர் போர்த்திவிட்டால் தீர்ந்தது என்பார் மூன்றாமவர். மரப்படகே வேண்டாம், இரும்புக்கு மாறு என்கிறவர்களும் உண்டு. இந்தப் பதில்களையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். எதைக் கொண்டு மாற்றுவது என்பது இரண்டாவது கேள்வி. தண்ணீர் எந்த வழியாக உள்ளே வந்தது, வந்தது ஏன் வெளியே போகவில்லை என்பதே முதல் கேள்வி. அதைக் கேட்காமல் எவ்வளவு செலவழித்துச் செய்த வேலையும் சில பருவம் கழித்து அதே இடத்தில் இற்றுப்போய்த்தான் நிற்கிறது.

மரத்தை இற்றுப்போகச் செய்வது பூஞ்சை. அதற்குத் தின்ன மரம் வேண்டும், மிதமான வெப்பம் வேண்டும், காற்று வேண்டும், ஈரம் வேண்டும். முதல் இரண்டும் நம் கடற்கரையில் ஆண்டு முழுவதும் கிடைக்கும். ஆகவே சங்கதி காற்றிலும் ஈரத்திலும் இருக்கிறது. மரத்திலுள்ள ஈரம் அதன் காய்ந்த எடையில் 20 சதவீதத்துக்குக் கீழே நின்றால் பூஞ்சை வளராது. 30 சதவீதத்தைத் தொட்டால் செழிக்கும். முழுக்க நீரில் மூழ்கியே கிடக்கும் மரத்துக்குள் காற்று போதாது. அதனால்தான் படகின் அடிப்பலகை இப்படி இற்றுப்போவது அபூர்வம். அங்கே எதிரி வேறு: மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கடற்புழு. மேல்தட்டின் எதிரியோ வானத்திலிருந்து வருகிறது. பூஞ்சைக்கு உப்பு ஆகாது. அலை தெறித்துத் தெறித்து உப்பேறிய பலகையில் அது லேசில் காலூன்றுவதில்லை. மழைத் தண்ணீர் அந்த உப்பைக் கழுவிக்கொண்டு ஆணித் துளையிலும் வெடிப்பிலும் இறங்கி, வெயிலும் காற்றும் எட்டாத இடத்தில் தங்கும்போதுதான் இற்றுப்போவது தொடங்குகிறது.

பாய்க்கப்பல் காலத்து மாலுமிகள் மேல்தட்டை நாள்தோறும் கடல் தண்ணீர் ஊற்றிக் கழுவியதில் சுத்தத்துக்கு அப்பாலும் பலன் இருந்தது. பலகை ஊறி இடுக்குகள் அடைபட்டு நிற்கும், உப்பும் ஏறும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கப்பல் கட்டுவோர் ஒரு படி மேலே போய், கப்பலின் விலா மரங்களுக்கு நடுவே கல்லுப்பைக் கொட்டியே நிரப்பினார்கள். ஊறுகாய்ப் பானை வைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதன் நியாயம் விளக்காமலே புரியும்.

உப்பு ஒரு பக்கம் என்றால் காற்றோட்டம் மறுபக்கம். அது இல்லாமல் போனதற்கு இங்கிலாந்துக் கடற்படை கொடுத்த விலை பெரிது. 1670களின் கடைசியில் கட்டத் தொடங்கிய 30 போர்க்கப்பல்களில் பல, கடலுக்குப் போகாமலே துறையில் கட்டிக் கிடந்து உளுத்தன. கடற்படை நிர்வாகியான சாமுவேல் பீப்ஸ் அவற்றுக்குள் இறங்கிப் பார்த்தபோது, கைமுட்டி அளவு காளான்களைத் தம் கையாலேயே பிடுங்கியதாக எழுதி வைத்தார். காய வைக்காத மரம், அழுக்கு நீர் தேங்கிய வயிறு, திறக்காத கதவுகள். பாடம் எழுதப்பட்டது, ஆனால் படிக்கப்படவில்லை. 1810இல் கடலில் இறக்கிய குவீன் சார்லட் என்ற பெருங்கப்பல், பணிக்குப் போகும் முன்பே இற்றுப்போய்ப் பெருஞ்செலவில் திரும்பச் செப்பனிடப்பட்டது. அதே காலத்தில் ஓக் மரத் தட்டுப்பாட்டால் பம்பாயில் வாடியா குடும்பத்தாரிடம் மலபார்த் தேக்கில் கட்டச் சொல்லி, 1817இல் இறங்கிய டிரிங்கோமாலி, நம் திருகோணமலையின் பெயரைத் தாங்கி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது.

1765இல் இறங்கிய விக்டரி என்ற புகழ்பெற்ற கப்பலின் கதை இன்னும் நேரடியானது. 1922 முதல் அது போர்ட்ஸ்மத்தில் உலர்துறையில், தண்ணீரே இல்லாத இடத்தில் நிற்கிறது. கடல் அலை அதைத் தொட்டு நூறாண்டு கடந்தும் அது இற்றுப்போகிறது. மேலிருந்து இறங்கும் மழைதான் காரணம். 2022இல் தொடங்கிய பெரும்பழுதில் பூஞ்சை தின்ற வெளிப்பலகைகளைக் கழற்றி ஓக் பலகை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நூறாண்டாகக் கடலைத் தொடாத கப்பல் இற்றுப்போகிறது என்றால் குற்றம் கடலுடையதாக இருக்க முடியாது.

நம் கிழக்குக் கடற்கரை விசைப்படகுக்கு வருவோம். அதன் மேல்தட்டில் தண்ணீர் ஒளியும் இடங்கள் எனக்குத் தெரிந்து நான்கைந்து. வீல்ஹவுஸ் சுவர் தட்டில் உட்காரும் விளிம்பு முதலாவது. நிற்கும் மரமும் படுத்த மரமும் சேரும் எந்த இடுக்கும் அப்படித்தான். அடுத்தது வின்ச். வலையை இழுக்கும்போது அதன் பாரம் முழுவதையும் நாலைந்து போல்ட் தாங்குகின்றன. ஒவ்வொரு இழுப்புக்கும் போல்ட் ஒரு மயிரிழை ஆடும், துளை ஒரு மயிரிழை விரியும். பிறகு இரும்பு ஆணிகள். துருப்பிடித்த ஆணி தான் கெடுவதோடு நிற்காமல் தன்னைச் சுற்றியுள்ள மரநாரையும் கரைத்து விடுகிறது. ஆணி இருந்த இடத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அங்கே பிடிமானம் போய்விட்டது என்று பொருள்.

இவற்றையெல்லாம் விட மோசமானது, பேச்சில் அதிகம் அடிபடாதது, ஐஸ் அறை. நாட்கணக்கில் கடலில் தங்கும் படகின் வயிற்றில் டன் கணக்கில் ஐஸ் கிடக்கும். ஐஸ் உருகினால் நல்ல தண்ணீர். மேலே தட்டு வெயிலில் காய, கீழே அதன் அடிப்பக்கம் குளிர்ந்து வியர்க்கும். குளிர் போகாமலிருக்கத் தெர்மாகோல் அடைத்து, அதன் மேல் தகரமோ ஃபைபரோ வைத்து மூடியிருப்பார்கள். தட்டுக்கும் அந்த மூடிக்கும் நடுவே ஈரம் இருக்கும், காற்று கொஞ்சம் இருக்கும், உப்பு இருக்காது. பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு கட்டித் தர முடியாது. மேலே கால் வைக்கும் பக்கம் திடமாக இருந்துகொண்டே தட்டு அடியிலிருந்து இற்றுவருவதற்கு இதுதான் காரணம்.

எவ்வளவு தூரம் இற்றிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் பழுதின் பாதி வேலை. ஈரம் அளக்கும் மீட்டர்கள் வந்துவிட்டன. ஆனால் உப்பேறிய மரத்தில் அவை உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பதால் மீட்டரை மட்டும் நம்பி வெட்டக் கூடாது. சுத்தியலும் குத்தூசியும் இன்னும் ஓய்வு பெறவில்லை. நல்ல மரத்தில் குத்தூசி நுனி மட்டும் இறங்கும், நெம்பினால் நீளமாக நார் கிளம்பும். இற்ற மரத்தில் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், நெம்பினால் குட்டையாகப் பொட்டுப் பொட்டாக உடையும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் மரத்தையும் நம்பிவிட முடியாது. மரத்தைப் பழுப்பாக்கித் தின்னும் பூஞ்சை வகை எடையில் பத்தில் ஒரு பங்கைத் தின்பதற்குள்ளாகவே வளைவைத் தாங்கும் வலிமையில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. நான் பார்த்த ஓடாவி, கெட்டது முடிந்து நல்லது தொடங்கும் இடத்தில் பென்சில் கோடு போட்டார். பிறகு அங்கிருந்து நார் ஓடும் திசையில் ஒரு முழம் தள்ளி இன்னொரு கோடு போட்டார். இரண்டாவது கோட்டில்தான் ரம்பம் வைத்தார். அந்த ஒரு முழம் வீண் என்று படகுக்காரர் முகம் வாடியது. எனக்கு அந்த முழத்தில்தான் அவருடைய அறுபது வயது தெரிந்தது.

வெட்டாமலே சரிசெய்ய வழியுண்டு என்று சொல்லிச் சில திரவங்கள் விற்பனைக்கு வருகின்றன. இற்ற மரத்தில் துளைகள் போட்டு நீர்த்த எபாக்சியை ஊற்றினால் அது ஊடுருவிக் கெட்டியாகும் என்பது வாதம். கைப்பிடிக் கட்டை, கதவுச் சட்டம் போன்ற பாரம் தாங்காத இடங்களுக்கு இது போதும். மேல்தட்டுக்கும் அதைத் தாங்கும் விட்டத்துக்கும் இதை நான் ஏற்கமாட்டேன். ஈரம் நிறைந்த மரத்துக்குள் எபாக்சி போகாது. காய்ந்த பகுதிக்குள் போய்க் கெட்டியானாலும் அறுந்த நார்களின் வலிமை திரும்பாது. சுற்றிலும் கெட்டியாகி, நடுவில் உயிருள்ள பூஞ்சையைச் சிறை வைத்தது போலாகிவிடும்.

பலகையை மாற்றுவது என்று முடிவானால், வேலை மரத்திலிருந்து தொடங்குகிறது. எந்த மரமாக இருந்தாலும் வைரம் பாய்ந்த பகுதிதான் தாங்கும். தேக்கிலேயே வெளிச்சுற்று வெள்ளைப் பகுதி சீக்கிரம் இற்றுவிடும். தேக்கு, அயினி எல்லாம் பெயரால் நிற்பதில்லை, வைரத்தால் நிற்கின்றன. வெட்டுமுகத்தைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக ஓட வேண்டும். அப்படி அறுத்த பலகை அகலத்தில் அதிகம் ஊதாது, வளையாது, மிதிபட்டாலும் ஒரே சீராகத் தேயும். அகலம் குறைந்த பலகைகள் நிறையப் போடுவது அகலமான பலகைகள் சில போடுவதைவிட நல்லது. அசைவு பல இடுக்குகளில் பிரிந்துவிடும். ஒரே விட்டத்தின் மேல் அடுத்தடுத்த இரண்டு பலகைகளின் முனை வரக் கூடாது, நடுவில் மூன்று பலகையாவது ஒட்டில்லாமல் ஓட வேண்டும் என்பது பழைய விதி. இதை இன்று அவசரத்தில் பலர் மீறுகிறார்கள்.

பலகையின் பக்கங்களை அடியில் ஒட்டி மேலே சற்று விரியும்படி இழைக்கிறார்கள். அந்த இடுக்கில் பருத்தித் திரியை வைத்து, கலப்பத்து உளியும் கொட்டாப்புளியும் கொண்டு இறுக்குகிறார்கள். இதைக் கிட்டத்தில் நின்று கேட்க வேண்டும். திரி தளர்வாக இருக்கும்போது சத்தம் மந்தமாக வரும். இறுக இறுகச் சுருதி ஏறும். ஓர் அளவுக்கு மேல் ஏறினால் ஓடாவி கையை நிறுத்திவிடுகிறார். ஏனென்று கேட்டேன். இப்போது சித்திரை, பலகை காய்ந்து சுருங்கியிருக்கிறது. ஐப்பசி மழையில் அது ஊதும். இப்போதே அடைத்து முடித்துவிட்டால் அப்போது ஊத இடமில்லாமல் பலகை ஆணியைப் பிடுங்கிக்கொண்டு எழும்பும் என்றார். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், உச்சி வெயிலில் வருவதால் மரம் காய்வதற்கு நல்லது. ஆனால் செய்த வேலையைச் சோதிக்கும் பெருமழை தடை முடிந்து நான்கு மாதம் கழித்துத்தான் வரும். அந்த நான்கு மாதத்தை முன்கூட்டியே கையில் கணக்கிடத் தெரிந்தவர்தான் திரி அடைக்க வேண்டும். அடைத்த இடுக்கின் மேல் முன்பெல்லாம் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றுவார்கள், அல்லது கீல். இப்போது ரப்பர் போல இழுபடும் ரசாயனப் பசைகள் வந்திருக்கின்றன. பலகையோடு சேர்ந்து அசைவதில் அவை மேல்.

தட்டைப் பிரிக்கும்போது ஒரு பெரிய ஆபத்து உண்டு. படகின் இரு பக்கங்களையும் பிடித்து வைத்திருப்பது மேல்தட்டும் அதன் குறுக்கு விட்டங்களும்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிவிட்டால் பக்கங்கள் மெல்ல விரியும், அணியமும் பின்புறமும் தாழும். யாரும் கவனிக்காமல் அதன் மேல் புதுத் தட்டு அடித்துவிட்டால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். பிறகு எஞ்சின் தண்டு ஒத்துவராது, கதவுகள் மூடாது. ஆகவே முதலில் அடியில் சரிமட்டமாக முட்டுக்கொடுத்து, குறுக்கே சட்டம் அடித்து, விட்டங்களை ஒன்று விட்டு ஒன்றாக மாற்ற வேண்டும். புது விட்டத்துக்குப் பழைய விட்டத்தின் வளைவையே தர வேண்டும். நடுவில் உயர்ந்து ஓரம் தாழும் அந்த லேசான முதுகுதான் மழையை ஓரத்து வடிகால் வாய்க்கு அனுப்புகிறது. தட்டையாகப் போட்டால் வேலை சுலபம், ஆனால் தண்ணீர் நின்றுவிடும்.

பலகைக்குப் பதில் ப்ளைவுட் போடுவதை நான் குறைசொல்ல மாட்டேன். இடுக்கே இல்லாத பரப்பு அது. ஆனால் வீட்டு அலமாரிக்கு வாங்கும் ப்ளைவுட் கடலுக்குப் போகக் கூடாது. இந்தியத் தர நிர்ணயத்தில் படகுக்கென்று ஐ.எஸ். 710 என்ற எண் இருக்கிறது. அந்த முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். பசை கொதிநீரைத் தாங்கும் என்பதற்காக மரம் இற்றுப்போகாது என்று நினைத்துவிடவும் கூடாது. பசை நிற்கும், நடுவே உள்ள மரத்தாள் இற்றுப்போகும். ப்ளைவுட்டின் பலவீனம் அதன் விளிம்பு. அறுத்த ஒவ்வொரு விளிம்பும், போட்ட ஒவ்வொரு துளையும் ஸ்ட்ராவைப் போலத் தண்ணீரை உறிஞ்சும். அறுத்தவுடனே விளிம்புக்கு எபாக்சி இரண்டு மூன்று முறை குடிக்கக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு தாள்களை நீளவாக்கில் சேர்ப்பதானால் கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்த்து இழைத்து ஒட்டினால்தான் ஒட்டு வலுவாக நிற்கும்.

ஃபைபர் போர்வையில்தான் எனக்கும் கரையில் பலருக்கும் கருத்து வேறுபாடு. கண்ணாடி நார்ப் பாயும் பாலியஸ்டர் ரெசினும் மலிவு, ஒரு நாளில் வேலை முடியும். ஆனால் பாலியஸ்டர் மரத்தில் நன்றாகப் பிடிப்பதில்லை, எண்ணெய்ப் பசையுள்ள தேக்கில் இன்னும் மோசம். அதற்கு மேல், பலகைத் தட்டு மூச்சு விடுவது போல ஊதிச் சுருங்கிக்கொண்டே இருக்கும். கெட்டியான போர்வை அதோடு போகாது. முதலில் இடுக்குகளின் மேல் மயிரிழை வெடிப்பு வரும், பிறகு போர்வை மரத்தைவிட்டுக் கிளம்பும், உள்ளே தண்ணீர் போகும். போன தண்ணீருக்குத் திரும்ப வழியில்லை. முன்பு மழை பெய்தால் ஒழுகும், தெரியும், அடைப்பார்கள். இப்போது ஒழுகாமல் இற்றுப்போகிறது. அசையாத ப்ளைவுட்டின் மேல், நன்றாகக் காய்ந்த பிறகு, எபாக்சி கொண்டு போர்த்தினால் அது நல்ல வேலை. பழைய பலகைத் தட்டின் மேல் பாலியஸ்டர் போர்த்துவதை நிறுத்த வேண்டும் என்பதே என் முடிவு.

மேல்நாட்டு உல்லாசப் படகுகளிலும் இதே கதைதான் நடந்தது. 1960களிலிருந்து அவற்றின் மேல்தட்டை இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ ப்ளைவுட்டோ வைத்துச் செய்தார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம். தோலுக்கு ஒன்றுமே ஆகாது. கம்பிக்கால், கயிறு கட்டும் முளை இவற்றின் போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கி நடுமரம் கூழாகிவிடும். 1970, 80களில் தைவானில் கட்டிய படகுகள் பலவற்றில் அழகுக்காகத் தேக்குப் பட்டைகளை நூற்றுக்கணக்கான திருகாணிகளால் தட்டின் மேல் பிடித்தார்கள். அத்தனை திருகாணியும் அத்தனை ஓட்டை. மேல்தோலை அறுத்தெடுத்து, கூழைச் சுரண்டி, வாரக்கணக்கில் காய வைத்து, புது நடுமரம் வைத்து, அறுத்த ஓரத்தைக் கனத்தின் 12 மடங்கு சாய்த்துத் தேய்த்துத் திரும்ப மூடுவது அங்கே பழகிய பழுது. அதிலிருந்து நம் வின்சுக்கு எடுத்துக்கொள்ளத் தக்க ஒரு வித்தை உண்டு. போல்ட்டை விடப் பெரிய துளை போட்டு, அதை மரத்தூள் குழைத்த எபாக்சியால் நிரப்பி, கெட்டியான பிறகு அதன் நடுவில் போல்ட் அளவுக்குத் திரும்பத் துளையிடுகிறார்கள். பிறகு போல்ட் வழியே தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. செலவு சில நூறு ரூபாய். இதை ஒவ்வொரு வின்ச் போல்ட்டுக்கும் செய்ய வேண்டும்.

மருந்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். சுறா எண்ணெயும் முந்திரிக்கொட்டை எண்ணெயும் பூசும் நம் வழக்கம் நல்ல வழக்கம், விட்டுவிடக் கூடாது. கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மலிவான ரப்பர் மரத்துக்குச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவையும் கிரியோசோட்டும் என இரண்டு மருந்து ஏற்றி வள்ளம் கட்டிக் காட்டியிருக்கிறது. போராக்ஸ் வகை உப்புகள் ஈர மரத்துக்குள்ளும் பரவிப் பூஞ்சையைக் கொல்லும். ஆனால் மழை அவற்றைக் கழுவிவிடும், ஆகவே மூடிய இடத்துக்கே பொருந்தும்.

மரத்தின் விலையையும் பேச வேண்டும். 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் மியான்மரின் அரசுத் தேக்கு வணிகத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டன. உலகச் சந்தையில் நல்ல தேக்கு அருகிவருகிறது. நம் துறைகளில் இரும்புப் படகுகள் பெருகுவதற்கு மரம் கிடைக்காததும் ஒரு காரணம். அவற்றுக்குத் துரு என்ற தனி நோய் உண்டு. மரத்தட்டைச் சரியாக மாற்றத் தெரிந்த ஓடாவிகள் குறைந்து வருவதும் உண்மை. பிள்ளைகள் வெல்டிங் கற்றுக்கொள்ளப் போகிறார்கள். அவர்களைத் தவறு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த நாகப்பட்டினத்துப் படகுக்கு வைகாசிக் கடைசியில் மறுபடி போனேன். ஏழு பலகையும் இரண்டு விட்டமும் மாற்றியிருந்தார்கள். வீல்ஹவுஸ் மூலையில் மரச்சட்டம் ஒன்றைப் புதிதாக உயர்த்தி வைத்திருந்தார்கள். வேலை முடிந்தது என்றுதான் படகுக்காரர் சொன்னார். ஓடாவி ஒன்றும் சொல்லாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஐஸ் அறைக்குள் இறங்கினார். மேலே மூன்று குடம் தண்ணீரை மெல்ல ஊற்றச் சொன்னார். புதுப்பலகையில் ஒன்றும் இல்லை. கால் மணி நேரம் கழித்து, அவர் கை வைக்காத இடத்தில், வீல்ஹவுஸிலிருந்து இரண்டு பாகம் தள்ளி, பழைய வின்ச் போல்ட் ஒன்றின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு, நின்று, விழுந்தது.

"தம்பி, சாக்கட்டி இருக்கா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.